குஞ்சியம்மா காணாத அருந்ததி

எங்கள் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் இப்போது பேச்சு கண்ணில்தான் தொடங்குகிறது. யாருக்குப் புரை எடுத்தாயிற்று, யாருக்கு மற்றக் கண் பாக்கி, எந்தச் சொட்டு மருந்து எரிக்கிறது என்பதெல்லாம் நமக்குள் அத்துப்படி. எனக்கும் இரண்டு கண்ணிலும் எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத வரவில்லை. கண் என்றதும் எனக்கு நினைவில் வருவது குஞ்சியம்மாவின் கலியாணம். அந்த வைகாசியிலும் ஆனியிலும் நயினாதீவில் இருந்தவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். ஒழுங்கைகளில் நீங்கள் கேள்விப்பட்டது வேறாக இருந்திருக்கும். நான் வீட்டுக்குள் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

குஞ்சியம்மா அம்மாவின் கடைசித் தங்கை. தாயும் தகப்பனும் நேரத்தோடு போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தார். அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை. வருடத்தில் இரண்டு முறை வருவார். வீட்டில் அம்மா, குஞ்சியம்மா, பத்து வயது நான், ஒரு பசு.

ஊரில் குஞ்சியம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது: தலைக்கனம் பிடித்தவள். கோயிலுக்குப் போகிற வழியில் எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். கிணற்றடியில் தூர நின்று கையசைத்தாலும் பேசாமல் போய்விடுவார். கிட்ட வந்து குரல் கொடுத்தால் மட்டும் அப்படியொரு சந்தோஷம். "ஆள் பாத்துக் கதைக்கிறாள்" என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலும் அவர் நிலைக்கவில்லை. உயரமான பிள்ளை என்று பின்வாங்கில், கடைசி வரிசையில், இருத்தினார்கள். கரும்பலகையில் எழுதிய கணக்கை இவர் எப்போதும் பிழையாகப் பார்த்து எழுதினார். படிப்பு ஏறாது என்று வாத்தியார் சொல்ல, அம்மாவும் படிப்பை மறித்துவிட்டார். ஆனால் கைக்கு எட்டிய வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. சுளகை முகத்தோடு ஒட்டிப் பிடித்து அரிசியில் கல் பொறுக்குவார். ஒரு கல்லும் தப்பாது. அப்படிப் பிடிப்பது அவருடைய பழக்கம் என்று அம்மா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் தீவில் மூக்குக்கண்ணாடி என்பது கிழவருக்கும் தலைமை வாத்தியாருக்கும் உரிய பொருள்.

மாப்பிள்ளையும் எங்கள் தீவுதான். அவருக்கும் தெற்கே கடை. அவரை வளர்த்ததும் தமக்கைதான். அந்தத் தமக்கையை எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தவர் அவர்.

முகூர்த்தம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு விழுந்தது. முற்றத்தில் பந்தல். நான்கு மூலையிலும் பெட்ரோமக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலும் மண்ணெண்ணெய் வாடையும் ஓமப் புகையும் புதுச் சேலை மணமும் எனக்கு இப்போதும் தனித்தனியே நினைவிருக்கின்றன. தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பந்தல் ஓலையை அடித்துக்கொண்டே இருந்தது. தாலி கட்டி, அம்மி மிதித்தாயிற்று. பிறகு ஐயர் இருவரையும் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து வடக்கே, அனலைதீவுப் பக்கமாகக் கையை நீட்டினார்.

"அதுதான் வசிட்டர். பக்கத்திலை சின்னனாய் அருந்ததி. தெரியுதோ?"

மாப்பிள்ளை, "ஓம் ஐயா," என்றார்.

"பிள்ளைக்குத் தெரியுதோ?"

குஞ்சியம்மா நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "இல்லை ஐயா. தெரியேல்லை."

ஐயருக்கு இப்படி ஒரு மறுமொழி அதுவரை வந்திருக்காது. "வடிவாப் பாரும் பிள்ளை. பெரிய வெள்ளிக்குப் பக்கத்திலை."

"பெரிய வெள்ளியும் தெரியேல்லை ஐயா. ஒண்டுமே தெரியேல்லை."

மேளகாரர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். ஐயர் சட்டென்று மந்திரத்தைச் சொல்லி அவர்களை உள்ளே திருப்பினார். ஆனால் மாப்பிள்ளையின் தமக்கைக்குக் கேட்டுவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் அவர் இலையை மூடிவிட்டு எழும்பியதை நான் பார்த்தேன்.

"கண் தெரியாத பெட்டையை என்ரை தம்பியின்ரை தலையிலை கட்டிப்போட்டினம்," என்றார். மெதுவாகச் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அந்த நட்சத்திரத்தைப் பற்றிப் பிற்காலத்தில் வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஒளியின்படி ஆறு தரமாகப் பிரிப்பார்கள். அருந்ததி நாலாம் தரம், அதாவது மங்கல். அதன் பக்கத்தில் இருக்கும் வசிட்டர் இரண்டாம் தரம். இரண்டுக்கும் இடையில் நமக்குத் தெரியும் இடைவெளி முழுநிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை. மங்கல் என்பது நம் கண்ணின் கணக்குத்தான். உண்மையில் அருந்ததி நம் சூரியனைவிடச் சூடான வெள்ளை நட்சத்திரம். பொருண்மையிலும் விட்டத்திலும் சூரியனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்துச் சூரியனுக்கு மேற்பட்ட ஒளி. மிக வேகமாகத் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் அருகில் இன்னொரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருப்பதையும் பெரிய தொலைநோக்கிகளில் கண்டிருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் தூரம். அதன் ஒளி இங்கே வந்துசேர எண்பது வருடத்துக்கு மேல் எடுக்கிறது. இன்று நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது என் அம்மா சிறுமி, குஞ்சியம்மா பிறக்கவேயில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், வீட்டில் ஏதோ உடைந்துவிட்டது என்பதுதான்.

கலியாணத்துக்கு நாலாம் நாள் செய்யும் நாலாம் சடங்கு வரைக்கும் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தார். இனி அவரைச் சித்தப்பா என்றே சொல்கிறேன். நல்ல மனிதர், பேச்சு குறைவு. எனக்கு நுங்கு சீவித் தந்தார். குஞ்சியம்மாவோடு பேச முயன்றார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தமக்கை ஆள் விட்டுக் கூப்பிட்டதும் போனார். அங்கிருந்து அப்படியே கடைக்குப் பயணப்பட்டுவிட்டார். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில் தமக்கை எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார். குஞ்சியம்மா கிணற்றடியில் நின்றார்.

"இது எத்தினை விரல்? சொல்லு பாப்பம்."

குஞ்சியம்மா குரல் வந்த பக்கம் திரும்பினார். "மச்சாளோ? வாங்கோ. நீங்கள் கை தூக்கினதே எனக்குத் தெரியேல்லை."

தமக்கை அம்மாவைப் பார்த்தார். "கேட்டீங்களோ? இனி நான் என்ன சொல்ல இருக்கு? தெரிஞ்சுகொண்டே மறைச்சுச் செய்துபோட்டியள்."

"சத்தியமாய் எங்களுக்குத் தெரியாது," என்றார் அம்மா.

"பெத்த தாய் மாதிரி வளத்தனீங்கள். தெரியாதோ?"

தமக்கை போன பிறகு அம்மாவின் கோபம் முழுவதும் குஞ்சியம்மா மேல் திரும்பியது.

"ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?"

"காணாததைக் கண்டனெண்டு நெருப்புக்கு முன்னாலை நிண்டு சொல்லச் சொல்லுறியோ அக்கா?"

"எல்லாரும் சொல்லினம்தானே!"

குஞ்சியம்மா அழவில்லை. பசுவுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். நான் பின்னால் போனேன். உண்மையான காரணத்தை எனக்குத்தான் சொன்னார்.

"ஓமெண்டு சொல்லியிருப்பன், பிள்ளை. பிறகு எந்தப் பக்கத்திலை தெரியுதெண்டு ஐயர் கேட்டால் என்ன சொல்லுறது? பள்ளிக்கூடத்திலை அப்பிடித்தான் பிடிபடுறனான்."

இந்தப் பேச்சை நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா குசினி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கரும்பலகை, பின்வாங்கு, கிணற்றடி, சுளகு எல்லாவற்றையும் அவர் அப்போது ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாளே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டார்.

யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் வயதானவர். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, மேலே உள்ள மிகப் பெரிய எழுத்தைக் கேட்டார். குஞ்சியம்மா, "அட்டை எங்கை ஐயா இருக்கு?" என்றார். வைத்தியர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு காலமும் நீர் எப்பிடியம்மா நடந்து திரிஞ்சனீர்?"

"காலாலைதான் ஐயா."

அவர் சிரித்ததில் மேசையில் இருந்த கண்ணாடி வில்லைகள் குலுங்கின. அம்மாவும் சிரித்துவிட்டார், அந்த மாதத்தில் முதல் தடவையாக. குருடும் இல்லை, நோயும் இல்லை என்றார் வைத்தியர். கிட்டப் பார்வைதான். சிறு வயதிலேயே கண்ணாடி போட்டிருக்க வேண்டியது.

கண்ணாடி எடுக்க இன்னொரு தடவை போனோம். தடித்த கறுப்புச் சட்டம். அதைப் போட்டுக்கொண்டு குஞ்சியம்மா பஸ்ஸில் யன்னலோரம் இருந்தார். மண்டைதீவுச் சந்தி தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டி பஸ் போனபோது அவர் வாய் ஓயவில்லை. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் கொக்கைக் காட்டினார். வலைத்தடிகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார். பனைகளைப் பார்த்து, "ஓலை ஒவ்வொண்டும் தனித்தனியாயெல்லோ நிக்குது," என்றார். நான் அதுவரை பனையை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, உனக்கு இவ்வளவு நரைச்சுப்போச்சோ?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு பொழுதுபட்டால் குஞ்சியம்மாவை முற்றத்தில்தான் காணலாம். கண்ணாடி வருமுன் வானம் அவருக்கு மாவு சிந்திய மாதிரி இருந்ததாம். வெள்ளி என்று சனம் எதைச் சொல்கிறது என்று கேட்கவும் வெட்கமாம். இப்போது ஒவ்வொன்றும் ஊசி முனைபோலத் தெரிந்தது.

"அக்கா, அருந்ததி எங்கை? காட்டு."

அம்மா தயங்கினார். "வடக்கை, அகப்பை மாதிரி ஏழு வெள்ளி நிக்குமெல்லே, அதுக்குள்ளை எண்டு சொல்லுறவை."

"நீ உன்ரை கலியாணத்திலை கண்டனியெல்லே?"

"எனக்கு ஐயர் காட்டின பக்கம் பூவரச மரம்தான் நிண்டது," என்றார் அம்மா.

குஞ்சியம்மா தானே தேடினார். அகப்பையைக் கண்டுபிடித்தார். காம்பில் கடைசிக்கு முந்தினதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொட்டு இருப்பதை அவர்தான் முதலில் கண்டார். எனக்குக் காட்டினார். நேரே பார்த்தால் ஒளிந்துகொண்டது; சற்றுத் தள்ளிப் பார்த்தால் வந்தது. பிறகு அம்மாவை இழுத்துவந்து நிறுத்தினார். அம்மா கையை நெற்றிக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அட, உண்மையாவே இருக்குது!"

கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதான பிறகு அம்மா அருந்ததி பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்தடுத்த நாட்களில் குஞ்சியம்மா இன்னொன்றையும் கவனித்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் அது தெரியவில்லை. மேற்கே வெளிச்சம் முழுதாகப் போக வேண்டும். முற்றத்து லாம்பையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் வந்தது. கலியாணத்தன்று மேற்கு இன்னும் வெளுத்திருந்தது, வளர்பிறை நிலவு மேலே நின்றது, முதுகுக்குப் பின்னால் பந்தலில் நான்கு பெட்ரோமக்ஸ்.

"அண்டைக்கு அது ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்க ஏலாது," என்றார். "அக்கா, ஒருத்தருக்கும்!"

ஆனியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சித்தப்பா வந்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தமக்கை வீட்டில் தங்கினார். இரண்டு நாள் குஞ்சியம்மா பொறுத்தார். மூன்றாம் நாள் பின்னேரம் குளித்து, கூறைச் சேலையை உடுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அம்மா தடுத்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

திருவிழாவுக்கு வந்த விருந்தினருக்காக அந்த வீட்டு முற்றத்திலும் பெட்ரோமக்ஸ் கொளுத்தியிருந்தார்கள். சித்தப்பா எழும்பி நின்றார். தமக்கை வாசலுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"இதென்ன கோலம்?"

"கண்ணுக்குப் போட்டது, மச்சாள். உங்களோடை சண்டைக்கு வரேல்லை. ஒரு விஷயம் கேட்க வந்தனான். எல்லாரும் கொஞ்சம் முற்றத்துக்கு வாங்கோ. ஐயர் கை காட்டினதும் இந்த நேரத்துக்குத்தான்."

விருந்தினர்களும் எழும்பி வந்தார்கள். குஞ்சியம்மா வடக்கே கையை நீட்டினார். "எங்கை, அருந்ததியை ஆராவது காட்டுங்கோ பாப்பம்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெளிறிய வானத்தில் ஒன்றும் இல்லை. தமக்கையின் புருஷன், "இன்னும் வெள்ளி வரேல்லையே," என்றார்.

குஞ்சியம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். 

"நீங்கள் அண்டைக்குக் கண்டனீங்களோ?"

"அவன் கண்டவன்! ஓமெண்டு சொன்னவன்!" என்றார் தமக்கை.

சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். வேட்டி மடிப்பைச் சரி செய்தார். "இல்லை அக்கா. நான் காணேல்லை."

"பின்னையேன்ரா ஓமெண்டனி?"

"ஐயர் கேட்டார். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. ஓமெண்டன்." சற்று நின்று, "நீங்கள் உங்கடை கலியாணத்திலை கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

"எனக்குப் பகலிலையடா முகூர்த்தம்," என்றார் தமக்கை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. அவருடைய புருஷன் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். விருந்தினர்களும் சிரித்தார்கள். தமக்கை சிரிக்கவில்லை.

"சிரியுங்கோ. அவளுக்குக் கண் தெரியாதது பொய்யோ?"

"பொய்யில்லை, மச்சாள்," என்றார் குஞ்சியம்மா. "தூரத்திலை இருக்கிறது எனக்குத் தெரியாதுதான். கண்ணாடி போட்டால் தெரியும். நான் ஒண்டையும் மறைக்கேல்லை. மற்றவைக்கு எப்பிடித் தெரியுதெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அதுதான் நடந்தது."

தமக்கை உள்ளே போய்விட்டார். யாரும் கிளம்பவில்லை. சித்தப்பா தானே போய்ப் பெட்ரோமக்ஸை அணைத்தார். இருட்டும்வரை எல்லோரும் முற்றத்தில் நின்றோம். குஞ்சியம்மா அகப்பையைக் காட்டி, காம்பைக் காட்டி, பிறகு அந்தப் பொட்டைக் காட்டினார். சித்தப்பாவுக்குப் பிடிபட நேரம் எடுத்தது.

"ஓம்," என்றார் கடைசியில்.

"எந்தப் பக்கத்திலை?" என்று கேட்டார் குஞ்சியம்மா.

அவர் சரியாகச் சொன்னார். அன்றிரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

தமக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு அவர் ராட்சசி. இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அம்மா செய்தது மட்டும் என்ன? தங்கை சொன்ன உண்மையைவிட ஊர் சொல்லும் சொல் அவருக்கும் பெரிதாக இருந்தது. தமக்கை கடைசிவரை குஞ்சியம்மாவின் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அது சரிவரவேயில்லை.

அந்தக் காலத்தில் கடைக்காரர் யாரும் பெண்சாதியைத் தெற்கே கூட்டிப்போவதில்லை. சித்தப்பா கூட்டிப்போனார். கடைக்கு மேலே இரண்டு அறை இருந்தது. குஞ்சியம்மா அங்கே கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே சிங்கள எழுத்துப் படித்தார். பிறகு ஒரு கலவரத்தில் கடையும் அறைகளும் எரிந்தன. அவர்கள் பிள்ளைகளோடு குளிர்நாடு ஒன்றுக்குப் போனார்கள். சித்தப்பா அங்கே காலமானார். குஞ்சியம்மா இருக்கிறார். தொலைபேசியில் அவரும் புரையைப் பற்றித்தான் பேசுகிறார். அந்தக் கறுப்புச் சட்டக் கண்ணாடி எங்கே போனது என்று கேட்டேன். ஓடிய ஓட்டத்தில் எங்கோ விழுந்திருக்கும் என்றார்.

கலியாணத்துக்குப் பிறகு தெற்கே போக அவர்கள் தீவைவிட்டுப் புறப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. சோளகத்தில் மோட்டர் வள்ளம் இறங்குதுறையில் முட்டி முட்டி ஆடியது. வழியனுப்பவும் வேடிக்கை பார்க்கவும் சனம் கூடியிருந்தது. தலைக்கனம் என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். வள்ளம் விலகியதும் குஞ்சியம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணாடியில் தெறித்த உப்புத் தண்ணீரைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கரையில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துக் கையசைத்துச் சிரித்தார். "மாமி, போட்டுவாறன்! அக்கா, உங்கடை மூத்தவளைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ!" அவர் பார்த்துக் கையசைத்த பெண்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு கையைத் தூக்கினார்கள்.

வள்ளம் தூரப் போனது. இனி அவருக்கு நான் தெரியமாட்டேன் என்று நினைத்து, துறையின் நுனிக்கு ஓடிப்போய் நின்றேன். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் அவர் குரல் வந்தது.

"எடியே, செருப்பில்லாமலோ நிக்கிறாய்? கல்லுச் சுடும், நிழலுக்குப் போ!"

நான் குனிந்து காலைப் பார்த்தேன். பிறகு அம்மா நின்ற நிழலுக்கு ஓடினேன்.